ஒன்பது படிகளுக்குக் கீழே

நம் ஆலயத்தின் ஆயர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

போன மாதம் நடந்த வருடாந்தரக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன. இந்த ஆண்டை ‘வரவேற்கும் வீடு’ ஆண்டாக அனுசரிப்பது, அதையொட்டி முகப்பில் வளைவும் கண்ணாடிக் கதவும் அமைப்பது, நன்கொடையாளர் பெயர் பொறித்த புதிய பெஞ்சுகள் போடுவது என்பது முதல் தீர்மானம். ஆட்கள் போதவில்லை என்பதால் வீடு சந்திப்பு ஊழியத்தை நிறுத்திவைப்பது இரண்டாவது. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது மூன்றாவது. சாய்தளம் இப்படித் தள்ளிப்போவது இது மூன்றாம் முறை.

ஐந்தே நிமிடத்தில், கைதட்டலோடு, மூன்றும் நிறைவேறின. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து பேச எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “யாரை வரவேற்கப் போறாங்களாம்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தனியாக நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை. அதனால் சபையார் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

என் அம்மாவை உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். முப்பது வருடங்களுக்கு மேல் ஞாயிறு பள்ளியில் சிறுபிள்ளைகள் வகுப்பை நடத்தியவர். இன்றைய குழுவில் நான்கு பேர் அவரிடம் வசனம் ஒப்பித்து வளர்ந்தவர்கள்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்தன. பேச்சு திரும்பிவிட்டது, ஞாபகம் அப்படியே இருக்கிறது, பாட்டும் பாடுவார். சக்கர நாற்காலியை வலது கையாலும் வலது காலாலும் தானே உருட்டப் பழகிக்கொண்டார். பழகுவதற்கு ஏழு மாதம் ஆனது. இப்போது வீட்டிலிருந்து ஆலய வாசல் வரைக்கும் அவரால் வர முடிகிறது. அங்கே ஒன்பது படிகள் நிற்கின்றன.

அப்படி அவர் வந்த முதல் ஞாயிறு, இளைஞர்கள் நான்கு பேர் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கினார்கள். அவர்களுடைய நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான்காவது படியில் ஒருவருக்குக் கை நழுவி நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்தது. அம்மா கத்தவில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே போனதும், நடுவழியில் நாற்காலி நின்றால் காணிக்கை எடுப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று கடைசித் தூணுக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார்கள். அங்கிருந்து பிரசங்க பீடம் தெரியாது. ஆராதனை முடிந்து இறங்குவதற்கு மறுபடி நான்கு பேர் வேண்டும். இளைஞர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். ஆட்கள் சேரும் வரை இருபது நிமிடம் வாசலில் காத்திருந்தோம். எங்களைத் தாண்டித் தாண்டிச் சபையார் இறங்கிப் போனார்கள். எல்லோரும் சிரித்தார்கள், சிலர் அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று இரவு அம்மா ஒன்று சொன்னார். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் வரும் திமிர்வாதக்காரன் கதையை அவர் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். நான்கு பேர் ஒருவனைப் படுக்கையோடு சுமந்து வருவார்கள், கூட்டத்தினால் உள்ளே போக முடியாது, மேற்கூரையைப் பிரித்து இறக்குவார்கள். அந்த நான்கு பேரின் விசுவாசத்தைப் பற்றித்தான் நாம் எப்போதும் பேசுவோம். “வாசல்ல நின்னவங்களைப் பத்தி நான் ஒருநாளும் பிள்ளைங்ககிட்ட சொன்னதில்ல. அவங்க கொஞ்சம் நகர்ந்திருந்தா கூரையப் பிரிக்க வேண்டியதே இல்லையே” என்றார்.

நான் அதை நிறைய நாள் யோசித்தேன். வாசலை அடைத்து நின்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. இயேசுவின் பேச்சைக் கேட்க ஆவலோடு வந்தவர்கள்தான். முகம் உள்பக்கம் இருந்ததால் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். நம் சபையைப் பற்றி இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு அம்மா ஆலயத்துக்கு வரவில்லை. “தூக்கிட்டுப் போக நான் சாமான் இல்ல. நானா உருட்டிட்டு வர்ற மாதிரி வழி வந்தா வர்றேன்” என்று சொல்லிவிட்டார். பதினான்கு மாதம் ஆகிறது. முதல் மாதம் நிறைய பேர் தொலைபேசியில் விசாரித்தார்கள். எல்லோரும் “ஜெபித்துக்கொள்கிறோம்” என்றார்கள். ஜெபித்தும் இருப்பார்கள். மூன்றாம் மாதம் அழைப்புகள் நின்றுவிட்டன. கிறிஸ்துமஸ் சமயத்தில் பாடகர் குழுவோடு ஆயர் ஒருமுறை வந்தார், பத்து நிமிடம் இருந்தார், அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு தடவைகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கட்டட நிதிக்கான உறை மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

ஆயர் அவர்களே, உங்கள் உழைப்பை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கல்யாணம், அடக்கம், கூட்டம், கணக்கு என்று முந்நூறு குடும்பங்களுக்கு நீங்கள் ஒருவர்தான். வீடு வீடாகப் போக உங்களுக்கு நேரம் எங்கே? ஆனால் ஒருவரால் முடியாத வேலைக்கு இன்னும் நான்கு பேரைச் சேர்ப்பதுதானே வழி? வேலையையே நிறுத்துவது எப்படி வழியாகும்?

ஏறக்குறைய கி.பி. 155இல், பின்னாளில் இரத்தசாட்சியாக மரித்த ஜஸ்டின், ரோமப் பேரரசருக்கு ஒரு முறையீடு எழுதினார். கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்னதான் செய்கிறார்கள் என்று அதில் விளக்குகிறார். வேத வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பமும் திராட்சரசமும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்கிறார். அதை ஒட்டியே காணிக்கைக் கணக்கும் வருகிறது. அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள், இவர்களுக்குத்தான் அந்தப் பணம். ஆலயக் கட்டடம் என்று ஒன்று இல்லாத காலம் அது. பேரரசருக்கு எழுதும்போதுகூட, வராதவர்களை விட்டுவிட்டு ஆராதனையை விவரிக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் போவதும் ஆராதனையின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கிறது.

வீடு என்ற சொல்லை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வீட்டில் ஒருவர் சாப்பிடும் நேரத்துக்கு வரவில்லை என்றால் யாராவது எழுந்து போய்ப் பார்ப்பார்கள். தட்டு ஒன்று காலியாக இருப்பது எல்லோர் கண்ணிலும் படும். விருந்தாளிக்கு வாசலில் காத்திருந்து கை குலுக்கலாம். வீட்டு ஆளைத் தேடித்தான் போக வேண்டும்.

அடுத்து ஒன்று சொல்கிறேன். இதில் குற்றம் என் வீட்டுடையது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு வாலிபர் ஆராதனைக்கு வந்தார். புதிதாக வேலைக்கு வந்தவர் போலிருந்தது. துவைத்துத் துவைத்து நிறம் போன சட்டை. வரவேற்புக் குழுவினர் வாசலில் அவருக்குக் கை குலுக்கி ஒரு நல்வரவு அட்டை கொடுத்தார்கள். அவர் இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். அது வருடக்கணக்காக எங்கள் குடும்பம் உட்காரும் பெஞ்சு. நாங்கள் உள்ளே நுழைந்ததும் என் அண்ணன் அவர் தோளைத் தட்டி, “தம்பி, இது எங்க குடும்பம் உட்காருற இடம், பின்னால இடம் இருக்கு பாருங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த வாலிபர் “மன்னிச்சுக்குங்க” என்று எழுந்துகொண்டார். நான் அவர் எழுந்த இடத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சில் அவருடைய சூடு இன்னும் இருந்தது. இரண்டாம் பாட்டு முடிந்து திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை. நல்வரவு அட்டை எங்கள் பெஞ்சின் மேலேயே கிடந்தது.

நான் வாயே திறக்கவில்லை. அந்த வாரம் யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பொன்மோதிரம் போட்டவன் வந்தால் நல்ல இடம், கந்தை உடுத்தியவன் வந்தால் ‘அங்கே நில், இல்லை காலடியில் உட்கார்’. அந்தக் காட்சியைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதில் பேசுகிற ஆள் நான்தான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. விசுவாசமும் கிரியையும், அதாவது நம்பிக்கையும் செயலும், பற்றி நாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் வசனங்கள் அதே அதிகாரத்தில், இந்தப் பெஞ்சுத் தகராறுக்குப் பிறகுதான் வருகின்றன. ‘கிரியையில்லாத விசுவாசம் செத்தது’ என்று சொல்ல வருமுன், யாரை எங்கே உட்கார வைத்தாய் என்றுதான் யாக்கோபு கேட்கிறார்.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியாப் பகுதியில் எழுதப்பட்ட டிடஸ்காலியா என்ற சபை ஒழுங்கு நூல், இதற்கு ஒரு விதியே வைத்திருக்கிறது. வசதியானவர் ஒருவர் தாமதமாக உள்ளே வந்தால் ஆயர் போதனையை நிறுத்த வேண்டாம், அவர் தகுதியைப் பார்த்து எழுந்திருக்க வேண்டாம், சபையார் இடம் கொடுப்பார்கள் என்கிறது. ஏழை ஒருவர், அதுவும் வயதானவர், வந்து இடம் இல்லாமல் போனால் ஆயர் முழுமனதோடு அவருக்கு இடம் கொடுக்க வேண்டும், அதற்காக ஆயர் தரையில் உட்கார நேர்ந்தாலும் சரி என்கிறது. இதை முதல் தடவை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பெஞ்சில் பெயர் பொறிப்பதை ஒரு நன்றிக்கடனாகத்தான் நீங்கள் நினைக்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் பெயர் எழுதிய பெஞ்சில் புதியவர் எந்தத் தைரியத்தில் உட்காருவார்? 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல ஆலயங்கள் பெஞ்சுகளை வாடகைக்கு விட்டன. கொடுக்க முடிந்தவர்களுக்கு முன்னால் இடம், முடியாதவர்களுக்குக் கடைசியில் அல்லது மாடியில் இலவச இடம். அந்தப் பழக்கம் ஒழிய நிறைய பேர் போராட வேண்டியிருந்தது. எங்கள் பெஞ்சில் பெயர் எதுவும் எழுதவில்லை. அப்படி இருந்தும் ஒருவரை எழுப்பிவிட்டோம்.

இதேபோல ஒரு தாய். அவருடைய மகனுக்கு ஆட்டிசம். பாட்டு சத்தமாக வந்தால் காதைப் பொத்திக்கொண்டு குரல் எழுப்புவான். இரண்டு ஞாயிறு பொறுத்துக்கொண்டோம், மூன்றாவது ஞாயிறு பிள்ளைகள் அறையில் உட்காரச் சொன்னார்கள். அந்த அறையில் ஒலிபெருக்கி வேலை செய்வதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைவதை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போனார். அவரும் இப்போது வருவதில்லை. அவர் ஏன் வருவதில்லை என்று எந்தக் கூட்டத்திலும் நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் நம் சபையில் அன்பே இல்லை என்று ஆகிவிடும். அது பொய். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் அந்த அக்கா இருக்கிறார். அம்மாவை ஆலயத்தில் காணோம் என்று மூன்றாவது வாரமே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் அவர். வேதபுத்தகம் எதுவும் கொண்டுவரவில்லை. “அம்மாவுக்குத் தலைக்குக் குளிக்க வைக்கவா?” என்றுதான் கேட்டார். பக்கவாதம் வந்தவரைத் தனியாளாகக் குளிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவர்களுக்குத் தெரியும். செயல்படாத கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும், தரையில் துளி ஈரம் இருந்தாலும் ஆபத்து. இதையெல்லாம் அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். தன் மாமியாரைப் பார்த்துக்கொண்டபோது பழகியதாம். அன்றிலிருந்து இன்று வரை ஒவ்வொரு புதன்கிழமையும் வருகிறார். குளித்து முடித்ததும் இருவரும் ஒரு பாட்டுப் பாடுவார்கள். நான் அந்த நேரத்தில்தான் வாரத்தில் ஒரு முறை நிம்மதியாக வெளியே போய் வருகிறேன்.

அவரை யாரும் நியமிக்கவில்லை. அவர் எந்தக் குழுவிலும் இல்லை. சந்தா நிலுவையில் இருப்பதால் வருடாந்தரக் கூட்டத்தில் அவருக்கு வாக்கும் இல்லை. வீடு சந்திப்புக்கு ஆட்கள் இல்லை என்று நீங்கள் தீர்மானம் வாசித்தபோது, அவர் பின்வாசல் ஓரம் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன்.

கூட்டம் முடிந்து இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது குழுவில் ஒரு பெரியவர் என்னிடம், “நாம கிரியையினால இல்ல, விசுவாசத்தினால இரட்சிக்கப்படுறோம்மா. சமூக சேவை பண்ண வேற சங்கங்க இருக்கு” என்றார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியவில்லை.

கிருபையினால் விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் உண்டானதல்ல என்று எபேசியர் 2ஆம் அதிகாரம் 8, 9 வசனங்களை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். 10ஆம் வசனம் வருமுன் நிறுத்திவிடுவோம். நற்கிரியைகளுக்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்பது அந்த 10ஆம் வசனம்தான். விசுவாசத்தினால் மட்டுமே என்று உரக்கச் சொன்ன மார்ட்டின் லூத்தர், யாக்கோபு நிருபத்தை 1522இல் வைக்கோல் நிருபம், அதாவது கனமில்லாதது, என்றே எழுதியவர். அவரே அதே ஆண்டில் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓய்வில்லாதது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்கிறார். 1527இல் அவர் வாழ்ந்த ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரில் கொள்ளைநோய் வந்தது. பல்கலைக்கழகமே ஊரைவிட்டு இடம்பெயர்ந்தது, அவரையும் கிளம்பச் சொன்னார்கள். அவர் போகவில்லை. மனைவி கர்ப்பமாக இருந்தார், வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அந்த வீட்டிலேயே நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவரிடம் போய் இதற்கெல்லாம் வேறு சங்கங்கள் இருக்கின்றன என்று நாம் சொல்லியிருப்போமா?

அம்மாவைக் குளிப்பாட்டினால் பரலோகம் கிடைக்கும் என்று அந்த அக்கா வருவதில்லை. அப்படி ஒரு கணக்கே அவரிடம் இல்லை. அவர் விசுவாசம் அப்படித்தான் நடமாடுகிறது.

சாய்தளத்துக்கு வருகிறேன். முகப்பில் இடம் இல்லை என்று மூன்று முறையும் சொன்னீர்கள். உண்மைதான், நானே அளந்து பார்த்தேன். ஒரு படி 15 சென்டிமீட்டர், ஒன்பது படிக்கு 135 சென்டிமீட்டர் உயரம். ஒரு பங்கு உயர்வதற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பதுதான் சாய்தளத்துக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 16 மீட்டருக்கு மேல் வேண்டும், நடுவில் நின்று இளைப்பாறச் சமதளமும் வேண்டும். முகப்பில் அவ்வளவு நீளம் கிடையாது. நீளத்தைக் குறைத்துச் செங்குத்தாகக் கட்டினால், ஒரு கையால் உருட்டுகிறவர் பின்னால் சரிந்துவிடுவார்.

ஆனால் ஆலயத்தின் பின்பக்கம் தரை மேடாக இருக்கிறது. ஆயர் அங்கி அணியும் அறைக்குப் போகும் வாசலில் இரண்டே படிகள். 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு 3.6 மீட்டர் நீளமுள்ள சாய்தளம் போதும். கதவின் அகலம் 95 சென்டிமீட்டர், அம்மாவின் நாற்காலி 64. அந்த வழியைப் பற்றி நான் கேட்டதற்கு, அது ஊழியர்கள் வரும் வழி, பொதுவாகத் திறந்துவிட முடியாது என்று பதில் வந்தது. ஆயர் அவர்களே, அந்த வழியில் நீங்கள் பலிபீடத்துக்கு வருகிறீர்கள். அதே வழியில் உங்களுக்கு முன்னால் என் அம்மாவும் உருட்டிக்கொண்டு வந்தால் ஆராதனைக்கு என்ன குறை வந்துவிடும்?

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் நம்மைப் போலவே ஒரு சபை மாட்டிக்கொள்கிறது. கிரேக்கம் பேசும் விதவைகள் அன்றாடப் பகிர்வில் விடுபட்டுப் போகிறார்கள், முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்களுக்கும் ஆள் பற்றாக்குறைதான், அதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஆனால் பகிர்வை அவர்கள் நிறுத்தவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். யார் தரப்பு விடுபட்டதோ அவர்கள் தரப்பு ஆட்களிடமே பொறுப்பு போனது என்றுதான் எனக்குப் படுகிறது. நம் குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள். பன்னிரண்டு பேருமே அந்த ஒன்பது படிகளில் பேசிக்கொண்டே ஏறுகிறவர்கள்.

என் கோரிக்கைகளை இப்போது சொல்கிறேன்.

வீடு சந்திப்பை நிறுத்தும் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். மூன்று மாதமாக ஆலயத்துக்கு வராதவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். என்னிடம் பதினோரு பெயர் இருக்கிறது, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டால் இன்னும் வரும். இருவர் இருவராக அவர்கள் வீட்டுக்குப் போவோம். முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், என் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். போகும்போது கையில் நிதி உறை இருக்கக் கூடாது. போனதும் “என்ன செய்யட்டும்?” என்று கேட்க வேண்டும், கேட்டதைச் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்று பழகிக்கொடுக்க அந்த அக்காவை அழையுங்கள். நோயாளியைத் தூக்குவது, குளிப்பாட்டுவது பற்றி நம்மில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

திருவிருந்து நடக்கும் ஞாயிறன்றே, அதே நாளில், வர முடியாதவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும். மூப்பர்கள் கொண்டுபோக நம் சபை ஒழுங்கு இடம் தருகிறதா என்பதை ஆயர் அவர்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இடம் தராது என்றால், அதை மாற்ற மேலிடத்துக்கு எழுதும் மனுவில் கையெழுத்திட நாங்கள் இருக்கிறோம்.

முகப்பு வளைவுக்கு முதல் செங்கல் வைக்குமுன் பின்வாசல் சாய்தளம் முடிந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறுக்குள் என்று நாள் குறியுங்கள், ‘விரைவில்’ என்று எழுத வேண்டாம். இரண்டு படி உயரத்துக்கான வேலை இது. கைப்பிடியோடும் வழுக்காத தரையோடும் கட்டுங்கள். அந்தக் கதவு ஞாயிறுதோறும் ஆராதனைக்கு அரை மணி முன்பே திறந்திருக்க வேண்டும், சாவியைத் தேடி யாரும் ஓட வேண்டிய நிலை வரக் கூடாது.

பெஞ்சுகளில் பெயர் வேண்டாம். கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல ஆண்டறிக்கை இருக்கிறது. புதிய பெஞ்சுகள் செய்யும்போது முன்வரிசையில் ஒன்றும் நடுவில் ஒன்றும் நீளம் குறைத்துச் செய்யுங்கள், சக்கர நாற்காலி குடும்பத்தோடு சேர்ந்து நிற்கட்டும். தூணுக்குப் பின்னால் இனி யாரையும் நிறுத்தக் கூடாது. இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சை எங்கள் குடும்பம் விட்டுவிட்டது. வருகிற ஞாயிறு முதல் கிடைத்த இடத்தில் உட்காருவோம்.

பிள்ளைகள் அறையின் ஒலிபெருக்கியைப் பழுது பாருங்கள். ஆனால் அந்தத் தாயை மறுபடி அங்கே அனுப்புவதற்காக அல்ல. குழுவிலிருந்து ஒருவர் அவர் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்து, அந்தப் பிள்ளைக்கு எது எளிதாக இருக்கும் என்று அவரிடமே கேட்டு வர வேண்டும். எந்தப் பாட்டில் சத்தத்தைக் குறைக்கலாம், எங்கே உட்கார்ந்தால் அவனுக்கு நிம்மதி என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

‘வரவேற்கும் வீடு’ ஆண்டைத் திட்டமிடும் குழுவில் படி ஏற முடியாத ஒருவர், புதிதாக வந்த ஒருவர், சபையைவிட்டு விலகிப்போன ஒருவர் இருக்க வேண்டும். சந்தா நிலுவையைக் காரணம் காட்டி வாக்குரிமையைப் பறிக்கும் விதியை அடுத்த கூட்டத்திலேயே விவாதத்துக்கு எடுக்க வேண்டும்.

கடைசியாக, அந்த அடுத்த கூட்டத்தை மேலே ஆலயத்துக்குள் வைக்காமல், படிகளுக்குக் கீழே தரைத்தளத்தில் இருக்கும் ஞாயிறு பள்ளிக் கூடத்தில் வையுங்கள். பெஞ்சுகள் சின்னவை, கொஞ்சம் நெருக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கும். அங்கே என்றால் அம்மாவால் வர முடியும். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி